ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்து என்ன சாதித்தார்? – நேயர் கேள்விக்குப் பதில்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டாம் ஆஸ்போர்ன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக வெற்றிகளை வாரிக் குவித்தார், சரி. விளையாட்டுத் துறை இயக்குநராகி என்ன சாதித்தார்?" படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

1973 முதல் 1997 வரை 25 பருவங்கள். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு பருவத்தில்கூட 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. இந்த ஒன்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இடையில் நாடாளுமன்றம் போனார், ஆளுநர் பதவிக்கான கட்சித் தேர்தலில் தோற்றார். 2007 அக்டோபரில், 70 வயதில், பல்கலைக்கழகம் அவரை இயக்குநராகத் திரும்ப அழைத்தது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: பயிற்சியாளர் ஆஸ்போர்னுக்கு மேலே இயக்குநர் நாற்காலியில் இருந்தது யார்? பாப் டெவானி. அவரும் பயிற்சியாளராக இருந்தவர்தான். 1970, 1971 தேசியப் பட்டங்களை வென்றவர். தன் உதவியாளர் ஆஸ்போர்ன் கையில் அணியைக் கொடுத்துவிட்டு இயக்குநராகத் தொடர்ந்தார். அந்த உதவியாளரோ பரம எதிரி ஓக்லஹோமாவிடம் முதல் ஐந்து ஆண்டும் வரிசையாகத் தோற்றார்! ஊர் சும்மா இருக்குமா? டெவானி அவரைக் கைவிடவில்லை. நான் எப்போதும் சொல்வதுதான்: வென்றவரைப் பார்க்காதீர்கள், அவருக்காகக் காத்திருந்தவரைப் பாருங்கள்.

1984 ஜனவரி ஆரஞ்சு பவுல் (பருவத்தின் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஒன்று) கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை, இன்னொரு முறை. மயாமி 31, நெப்ராஸ்கா 30. கடைசி நிமிடம். புள்ளி எடுத்த நெப்ராஸ்காவுக்கு விதிப்படி ஒரு கூடுதல் வாய்ப்பு; ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். தேசியப் பட்டம் ஏறக்குறைய கையில். ஆஸ்போர்ன் சமன் வேண்டாமென்று, வெற்றி தரும் இரண்டு புள்ளிக்குப் போனார். எறிந்த பந்தை எதிராளி தட்டிவிட்டார். பட்டம் போயிற்று, பயிற்சியாளர் போகவில்லை. முதல் பட்டம் வந்தது 1994 பருவத்தில்; டெவானி 1993-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். காத்திருந்தவர் ஒருவர், அறுவடையின்போது நாற்காலியில் இருந்தவர் வேறொருவர்.

அப்படியானால் இயக்குநர் ஆஸ்போர்ன் காத்திருந்தாரா? இல்லை. வந்து ஆறு வாரத்துக்குள் பயிற்சியாளர் பில் கேலகனை நீக்கினார். முரண்பாடுதானே என்பீர்கள். அணி அந்த ஆண்டு 5 வென்று 7 தோற்றது. எதிரணி கேன்சஸ் ஒரே ஆட்டத்தில் 76 புள்ளி அடித்தது. பருவம் முடியும்வரை பொறுத்ததே பெரிது என்பேன். பதிலுக்குக் கொண்டுவந்த போ பெலினி, முழுதாக நடத்திய ஏழு பருவங்களிலும் 9 வெற்றிக்குக் குறையவில்லை. 2011-இல் பல்கலைக்கழகத்தைப் பிக் டென் என்ற போட்டிக் கூட்டமைப்புக்கு மாற்றியதும் ஆஸ்போர்ன்தான். பழைய கூட்டமைப்பில் டெக்சாஸின் கை ஓங்கியிருந்தது, வருமானப் பங்கீடும் சமமாக இல்லை. காசுக்கணக்கில் கெட்டிக்கார முடிவு. பழைய எதிரிகளை இழந்த ரசிகர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இப்போது அந்த ஒன்பது. ஆஸ்போர்னுக்குப் பின் அவருடைய உதவியாளர் ஃபிராங்க் சோலிச் அணியை நடத்தினார். 2003-இல் 9 வெற்றி, 3 தோல்வி, நீக்கினார்கள். ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றபின், 2014-இல் பெலினிக்கும் 9 வெற்றி, 3 தோல்வி, அவரையும் நீக்கினார்கள். இரண்டு முறையும் நாற்காலியில் ஆஸ்போர்ன் இல்லை, டெவானியும் இல்லை. அதன்பின் அங்கே வந்த மைக் ரைலி முதல் ஆண்டில் ஆறு ஆட்டம்தான் வென்றார். அடுத்து வந்த ஸ்காட் ஃபிராஸ்ட், 1997-இல் பட்டம் வென்ற அணியில் ஆடிய, ஆஸ்போர்னின் சொந்த மாணவர், ஒரு பருவத்திலும் அந்த ஆறைக்கூடத் தொடவில்லை.