தண்ணியில்லாக் காட்டிலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு அலுவலகங்களில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் சொல்லும் மிரட்டல் ஒன்று உண்டு: 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்.' அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ராமநாதபுரம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அந்தக் காட்டில் பிறந்தவன். அங்கேயே புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழக வரைபடத்தில் எங்கள் மாவட்டத்தின் மேல் குச்சியை வைத்து, 'இது வறண்ட பகுதி' என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெளியூர்க் கல்யாணங்களில் சொந்த ஊர் எது என்று கேட்பவர்களிடம் 'மதுரைப் பக்கம்' என்று சொல்லித் தப்பித்ததும் உண்டு.

ஓய்வுக்குப் பின் இரண்டு பயணங்கள் போனேன். ஒரு தை மாதத்தில் ராஜஸ்தானின் ஜெய்சால்மர். அடுத்த ஆண்டு மார்கழியில் மேகாலயாவின் சோரா, அதாவது நம் பாடப்புத்தகங்களின் சிரபுஞ்சி. வகுப்பில் மழை குறைந்த இடத்துக்கும் மழை மிகுந்த இடத்துக்கும் எடுத்துக்காட்டாக நான் சொல்லிவந்த பெயர்கள் இவை. அவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் அப்போது இருக்கவில்லை.

ஜெய்சால்மரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எங்கள் மாவட்டத்தில் பெய்வது 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான்கு மடங்கு! லண்டன் மாநகருக்கே ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், 'தண்ணியில்லாக் காடு' என்ற பட்டத்தை எங்களுக்குக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்கத் தோன்றும். இந்த எண்கள் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

நகரத்துக்கு வெளியே, மணற்பாங்கான ஒரு கிராமத்தில், ஹிந்தி தெரிந்த நண்பர் ஒருவருடன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தை அடுத்து, தரை வட்டமாகச் சாந்து பூசப்பட்டு, நடுவை நோக்கி மெல்லச் சரிந்திருந்தது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டு, அதன் மேல் இரும்பு மூடி, மூடியில் பூட்டு. அடியில் இருப்பது மழைநீர்த் தொட்டி; அவர்கள் அதை 'டாங்கா' என்கிறார்கள். மழை விழுந்து வழிந்து வருகிற அந்தச் சரிவுக்கு 'ஆகோர்' என்று பெயர். நான் அதில் கால் வைக்கப் போனபோது வீட்டுப் பெரியவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, என் செருப்பைப் பார்த்தார். கழற்றி ஓரமாக வைத்த பிறகுதான் பூட்டைத் திறந்தார். வாளியில் வந்த தண்ணீருக்கு எந்தச் சுவையும் இல்லை. மழைத் தண்ணீருக்குச் சுவை இருப்பதில்லை.

இந்த ஆண்டு வறட்சியா என்று நண்பர் வழியாகக் கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு நல்ல மழை பெய்தது, தொட்டி கழுத்து வரை நிறைந்தது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் தண்ணீரை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள்: வானத்திலிருந்து நேரே கிடைப்பது 'பாலர் பானி', ஆழ்கிணற்றில் கிடைப்பது 'பாதாள் பானி', இரண்டுக்கும் நடுவே, மணலுக்கு அடியில் உள்ள ஜிப்சம் படிவத்தால் கீழே இறங்க முடியாமல் ஈரமாகத் தங்கி நிற்பது 'ரேஜாணி பானி'. மழை இவ்வளவு குறைந்த ஊரில், இருக்கிற தண்ணீரைப் பற்றிப் பேச இத்தனை சொற்கள். எங்கள் ஊரிலோ இல்லாத தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு.

இதை முழுக்க மெச்சிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அதே கிராமத்தில் ஐம்பதடி இடைவெளியில் இரண்டு பொதுத் தொட்டிகள் இருந்தன. இவ்வளவு அருகில் இரண்டு எதற்கு என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போனார். அவருடைய மௌனத்துக்கு உடனே பொருள் புரிந்துவிட்டது. எங்கள் ஊரிலும் இரண்டு ஊருணிகள் உண்டு. ஒன்றில் இறங்குகிறவர்கள் மற்றொன்றில் இறங்காமல் இருந்ததைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவன் நான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய், அந்நியமான ஒரு கிராமத்தில் கேட்ட கேள்வியை, என் ஊரில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

ஊர் நினைப்பைக் கிளறிய இன்னொன்று, சாலையோரம் நெடுக அடர்ந்து நின்ற சீமைக் கருவேல். அங்கே அதற்கு 'விலாயதி பபூல்' என்று பெயர். சீமையிலிருந்து வந்த கருவேல் என்றே பொருள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

சோராவுக்கு வருகிறேன். அங்கே ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டரையும் தாண்டும். 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 1,563 மில்லிமீட்டர் பதிவானது; எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கிடைப்பது அங்கே ஒரு நாளில் கொட்டியிருக்கிறது. அங்கே வாழும் காசி என்ற பழங்குடி இனத்துப் பெண்கள் மழைக்காலத்தில் முதுகில் கவிழ்த்துக்கொள்ளும் 'க்னுப்' என்ற மூங்கில் கூடு, நான் தங்கியிருந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. பாதியாகப் பிளந்த படகைப்போல் இருந்தது. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். இதைத் தலையோடு போட்டுக்கொண்டால் இரண்டு கைகளும் வேலைக்கு மிஞ்சும். காடுகளுக்குள் ஓடைகளின் மேல் ஆலமரத்தின் உறவான ரப்பர் மரத்தின் விழுதுகளை இழுத்துப் பின்னி, பல ஆண்டுகள் வளரவிட்டுப் பாலமாக்கியிருக்கிறார்கள். மரப்பலகை அந்த ஈரத்தில் இற்றுப்போகும். உயிருள்ள வேர் ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது.

இதெல்லாம் சுற்றுலாக்காரர்கள் படம்பிடிக்கும் சோரா. நான் போன மார்கழியில் வானம் வெளுத்துக் கிடந்தது. விடியற்காலையில் வீட்டுக்காரப் பெண்மணி, நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் கூடை தொங்கவிட்டு, அதில் பிளாஸ்டிக் கேன்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் புறப்பட்டார். நானும் உடன் போனேன். சுண்டுவிரல் தடிமனில் வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பெய்கிற மழையில் பெரும்பகுதி, மண் அரித்துப்போன பாறையில் வழிந்து, செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இறங்கி, வங்கதேசத்துச் சமவெளிக்குப் போய்விடுகிறது. நிறுத்தி வைக்க அங்கே இடமில்லை. பாடப்புத்தக வரைபடத்தில் மழை மிகுதிக்கு அடையாளமாக நான் காட்டிய நீலநிறத்துக்கும் அந்தக் கேன் வரிசைக்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண்மணி, உங்கள் ஊரில் எவ்வளவு மழை என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 'பிறகு எப்படி நெல் விளைகிறது?' என்றார். நான் குறிப்பேட்டை எடுத்து வரைந்து காட்டினேன். எங்களுக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிகமிக மெதுவாகச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறைபோல் மண்கரை போட்டுத் தண்ணீரை மறித்தால் கண்மாய். மிஞ்சியது கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்; அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாக வரைந்துகொண்டே போனேன். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று எங்கள் பக்கத்தில் புகழப்படும் ராஜசிங்கமங்கலம் கண்மாயின் நீண்ட கரையையும் வரைந்தேன். வரைய வரைய எனக்கே வியப்பாக இருந்தது. முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றும் இந்தப் படத்தை நான் ஒருமுறைகூட வரைந்ததில்லை. அணையும் கால்வாயும் வரைந்திருக்கிறேன். நைல் நதி வரைந்திருக்கிறேன்.

அவர் படத்தில் மடையைத் தொட்டு, 'இதை யார் திறப்பது?' என்று கேட்டார்.

நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார், தண்ணீருக்குள் மூழ்கி அடைப்பை எடுப்பார், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர்தான் முடிவு செய்வார், அறுவடையில் அவருக்குக் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள் என்று சொன்னேன். 'இப்போது உங்கள் ஊரில் யார்?' என்றார். எனக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்துவிட்டதால் அவர் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குறிப்பேட்டை மூடினேன்.

ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன். எங்கள் கண்மாயில் கடைசியாக நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கண்மாயின் உள்வாயில் பாதி சீமைக் கருவேல். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இரண்டு இடங்களில் தார்ச்சாலை ஏறி நிற்கிறது. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வராத நாளில் லாரி வருகிறது. ஆனாலும் பருப்பு வேகவைக்க ஊருணித் தண்ணீர்தான் சரி என்று குடத்தோடு போகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மழைத்தண்ணீர் மென்மையானது, போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பித்ததில்லை.

அந்தப் பெரியவரைக் கரைக்கு அழைத்துப் போனேன். மடையின் கல்தூண்களில் ஒன்று சாய்ந்திருந்தது. அவர் அதைக் கையால் தட்டிப் பார்த்து, 'வாத்தியாரே, தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்தா இன்னும் எத்தனை நாளைக்குப் பாயும்னு சொல்லிருவேன்' என்றார். கல்லில் நான் பார்த்தவரை கோடு எதுவும் இல்லை. அவர் விரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றது. அப்படி நின்றபடியே அவரை ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தைச் சோராவுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா? கீழே ஒரு வரி எழுதத்தான் இன்னும் கை வரவில்லை; 'மடையைத் திறப்பவர்' என்று எழுதுவதா, 'திறந்தவர்' என்று எழுதுவதா என்பதில் நின்றுபோயிருக்கிறேன்.

வணக்கம்.