வயிற்றில் கரையும் புளி

(கடலூர் பக்கத்து மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஊரில் வந்து பயத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் பேசுகிறேன்.

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு சுமத்ராவுக்கு அப்பால் கடலுக்கடியில் பூகம்பம், 8.6 அளவு. சுனாமி எச்சரிக்கை வந்தது. எங்கம்மா ரேஷன் கார்டு இருந்த மஞ்சப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் பக்கம் ஓடினார், செருப்புகூடப் போடவில்லை. பின்னாலேயே நான். பூமித்தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாக எழும்பவில்லை. ராத்திரி வீடு திரும்பும்போது, "வெட்டியா ஓடினோமேம்மா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 2004 டிசம்பரில் ஓடாமல் நின்றவர்களை அவருக்குத் தெரியும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி சொல்வதும் அம்மாவின் கணக்குதான். புகை கண்டால் அலறும் கருவி, தோசை கருகினாலும் அலறும். நூறு தடவை வீணாக அலறினால் காதுதான் வலிக்கும்; ஒரு தடவை அலறாமல் விட்டால் வீடே போய்விடும். ஆதியில் புதர் அசைந்ததும் ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேர் காற்றுக்குப் பயந்து ஓடியிருப்பார்கள். அவர்கள் வம்சம் தழைத்தது. மகள் போனை எடுக்காவிட்டால் நமக்கு வயிற்றில் புளி கரைவது அந்த வம்சத்துச் சொத்து.

பயத்துக்கு அடுத்தது குற்றவுணர்ச்சி. அது புத்தகச் சொல். நமக்கு மனசு உறுத்தும், அவ்வளவுதான். இது ஏன் வந்தது? 1971ல் பரிணாம உயிரியல் ஆய்வாளர் ராபர்ட் டிரிவர்ஸ் எழுதிய கட்டுரையில் ஒரு பதில் இருக்கிறது. அதை உங்களுக்குப் படகு வைத்தே சொல்லலாம். கூட்டாகப் பிடித்த மீனில் ஒருவன் பங்கை மறைத்தான். தெரிந்துபோனால் நாளைக்கு எந்தப் படகில் அவனை ஏற்றுவார்கள்? கூட்டாக உழைத்துச் சாப்பிடும் பிராணிக்கு ஒதுக்கப்படுவது பட்டினிக்குச் சமம். அதனால் உள்ளே ஒன்று குறுகுறுக்கிறது. போய்ச் சொல்லு, மீனைத் திருப்பிக் கொடு, இனிமேல் செய்யாதே என்று அரிக்கிறது. அறுந்த உறவை முடிபோடும் ஊசி அது.

வெட்கம் வேறு ரகம். உறுத்தலுக்குச் சாட்சி வேண்டாம். மானம் போவதற்கு நாலு பேர் வேண்டும். முகம் சிவப்பதற்கென்றே டார்வின் தன் 1872ஆம் வருடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். வெட்கப்பட்டால் சிவப்பு உடம்பில் எதுவரை இறங்குகிறது என்று நாடுநாடாகக் கேள்வி அனுப்பினார் மனுஷன்! மற்ற எல்லா உணர்ச்சி வெளிப்பாட்டையும்விட மனிதனுக்கே உரியது இதுதான் என்பது அவர் முடிவு.

முடிக்கும்போது ஒரு பையன் எழுந்து, "நாய்கூட மீனைத் திருடிட்டு மூஞ்சியைத் தொங்கப்போடுதே சார்" என்றான். நல்ல கேள்வி. 2009ல் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்ற நாயும் தின்னாத நாயும், திட்டு விழுந்தால் அதே முகத்தைத்தான் வைத்தன.

"எங்க வீட்டுக்காரரும் அதே மூஞ்சிதான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை.