எந்த இடிமேகம் ஆபத்தானது?

(திரையில்: மதிய வானில் குவிந்து எழும் வெண்மேகம்)

இந்த மேகம் ஒரு மணி நேரத்தில் கரைந்தும் போகலாம், கூரையைப் பிய்த்தெறியும் காற்றையும் கொண்டு வரலாம். வானிலையாளர்கள் எதை வைத்து முன்கூட்டியே சொல்கிறார்கள்?

இடிமேகம் பிறக்கத் தரையையொட்டி ஈரக்காற்று வேண்டும். உயரே போகப் போக வெப்பநிலை வேகமாகக் குறைய வேண்டும். அப்புறம், ஈரக்காற்றை மேலே தள்ள மலைச்சரிவோ கடற்காற்றோ இரு காற்றுகள் மோதும் எல்லையோ வேண்டும்.

மேலெழும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலைச் சொல்லும் அளவு 'கேப்'. ஒரு கிலோ காற்றுக்கு இத்தனை ஜூல் என்று கணக்கு. 1,000 என்றால் மிதம். 2,500-ஐத் தாண்டினால் நல்ல வலு. பலூனில் பறக்கவிடும் கருவிகள் அனுப்பும் வெப்பநிலை, ஈரப்பத அளவுகளிலிருந்து இதைக் கணக்கிடலாம்.

சரி, கேப் அதிகம் என்றால் ஆபத்தும் அதிகமா? பலர் தடுமாறுவது இங்கேதான். சற்று உயரத்தில் சூடான காற்று ஓர் அடுக்காகப் படர்ந்திருந்தால், பானை மூடியைப் போல எல்லாவற்றையும் அமுக்கி வைத்துவிடும். நாள் முழுக்க ஒரு மேகம்கூட எழாது. முன்னறிவிப்பு பொய்த்ததாகத் தோன்றும். அதே மூடி மாலையில் உடைந்தால், அதுவரை சேர்ந்த ஆற்றல் மொத்தமாக வெளிப்படும்.

எழுந்த மேகம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது காற்றின் கையில். எல்லா உயரத்திலும் காற்று ஏறக்குறைய ஒரே மாதிரி வீசினால், மழை ஏறுகிற காற்றின் மேலேயே கொட்டும். கூடவே இறங்கும் குளிர்காற்று அந்த ஓட்டத்தை அறுத்துவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது.

(திரையில்: சாய்ந்த மேகம்; ஒருபுறம் ஏறும் அம்புகள், மறுபுறம் மழை)

தரைக்கும் 6 கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் அளவுக்கு வேறுபட்டால் நிலைமையே வேறு. மேகம் சாய்கிறது, மழை தள்ளி விழுகிறது, ஏறும் காற்று தடையில்லாமல் ஏறுகிறது. அது சுழலவும் தொடங்கினால் சூப்பர்செல். பல மணி நேரம் நீடிக்கும். மிகப் பெரிய ஆலங்கட்டிகளும் மேகத்திலிருந்து தரைவரை சுழன்றிறங்கும் காற்றான டொர்னாடோக்களில் மிகக் கொடியவையும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. அதனால் கேப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இந்தக் காற்று வேறுபாட்டையும் பாருங்கள்.

2.5 சென்டிமீட்டர் ஆலங்கட்டி, மணிக்கு 93 கிலோமீட்டர் காற்று, டொர்னாடோ: இவற்றில் ஒன்று இருந்தாலே அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை அதைக் 'கடுமையான' இடிமழை என்கிறது. மின்னல் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆளைக் கொல்லச் சாதாரண இடிமேகத்தின் ஒரு மின்னல் போதும். ஆகவே, முன்னறிவிப்பு என்ன சொன்னாலும், இடிச்சத்தம் கேட்டதும் கட்டிடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.