சுழல்தட்டைச் சுற்றி ஐந்து பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் வாழ்பவர்களுக்கு நான் சொல்லப்போகும் இடம் புதிதல்ல. பெருந்தெருவை ஒட்டி அகன்ற வாகனத் தரிப்பிடம் இருக்கும். அதன் பின்னால் ஒரே கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு கடைகள் வரிசையாக நிற்கும். பல் வைத்தியர், சலவை நிலையம், நகைக்கடை, பயண முகவர் ஆகியோருக்கு நடுவே மூன்று நான்கு சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். ஒன்றின் பெயர்ப்பலகை சீன எழுத்தில், அடுத்தது வியட்நாமிய மொழியில், அதற்கடுத்த கண்ணாடியில் கொத்துரொட்டியின் விலை தமிழில். நகரின் நடுப்பகுதியில் இருப்பவர்கள் இந்தக் கட்டடங்களுக்கு அழகில்லை என்பார்கள். நானும் மறுக்கமாட்டேன். ஆனால் கையில் பெரிய முதல் இல்லாமல் கடை தொடங்குகிறவர் வாடகை குறைந்த இடத்தைத்தான் தேடிப் போவார். நாக்குக்கு ருசியாகச் சமைக்கிறவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்.

இப்படியான கடைகளில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடிச் சாப்பிடுகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். எங்களில் ஒருவர் கணக்காளர், ஒருவர் பேருந்துச் சாரதி, ஒருவர் தாதி, ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆசிரியையை நாங்கள் எல்லோரும் "ரீச்சர்" என்றே அழைக்கிறோம்; அவர் எங்களில் எவருக்கும் படிப்பித்தவர் அல்லர். வீடுகளை விட்டுவிட்டுக் கடையில் சந்திப்பது என்ற யோசனையைத் தாதித் தோழிதான் முதலில் சொன்னார். வீட்டில் கூடினால் அந்த வீட்டுக்காரர் முதல் நாள் இரவே வெங்காயம் உரிக்கத் தொடங்க வேண்டும், வந்தவர்கள் கதைத்துச் சிரிக்கும்போது அவர் அடுப்படியில் நிற்க வேண்டும், எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவ வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியும்போது காசு கொடுத்துக் கடையில் போய் இருப்பது சிநேகிதருக்கு அழகல்ல என்பது அவருடைய கட்சி.

ரீச்சரின் கட்சியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்து விருந்தில் வீட்டுக்காரர் உட்காருவதில்லை. அகப்பையோடு நிற்பார், விருந்தாளி இலையின் மேல் இரண்டு கையையும் குவித்துப் போதும் போதும் என்றாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி விழும். கொடுப்பவர் நிற்கிறார், கொள்பவர் இருக்கிறார். அந்த உயரவேறுபாடு ஓர் உபசாரம், அதற்குள் சிறு கடனும் உண்டு, அடுத்த முறை மற்றவர் நின்று அந்தக் கடனைத் தீர்ப்பார். கடையில் நாங்கள் ஐவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு சுழல்தட்டு. எனக்கு எட்டாத கிண்ணத்தை எதிரில் இருப்பவர் ஒரு விரலால் தள்ளிவிட, அது என் முன்னால் வந்து நிற்கிறது. பரிமாறுதல் என்ற சொல்லுக்கு இலையில் உணவு வைப்பது என்றும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது என்றும் இரண்டு பொருள் உண்டல்லவா? வீட்டு விருந்தில் முதற்பொருளையே அறிந்திருந்த நான் இரண்டாவதை இந்த மேசைகளில்தான் கண்டேன்.

எங்கள் தெரிவு பெரும்பாலும் ஹக்கா என்ற சீனச் சமூகத்தாரின் உணவகமாகவே முடியும். வேறு நகரங்களில் இருந்து வருபவர்களுக்கு ஸ்காபரோவில் இத்தனை ஹக்காக் கடைகள் இருப்பது வியப்பாக இருக்கும். சீனர் நடத்தும் கடைதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் பச்சை மிளகாயும் உள்ளியும் எண்ணெயில் பொரியும் வாசனை நம் வீட்டு வாசனையாக இருக்கும். சில்லி சிக்கன், மஞ்சூரியன், ஹக்கா நூடில்ஸ், புளிப்பும் உறைப்புமான சூப், இவற்றோடு பட்டியலின் முதற்பக்கத்தில் சிக்கன் பக்கோடா. பல கடைகளின் வாசலில் ஹலால் என்ற அறிவிப்பு தொங்கும். பரிமாறும் பெரியவர் சிலவேளை அடுத்த மேசைக்காரரோடு இந்தியில் பேசுவார். முதன்முறை அதைக் கேட்டபோது எங்கள் சாரதி நண்பர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இந்தி கொல்கத்தாவிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கொல்கத்தாவிலும் அதன் அருகிலும் சீனர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்களுள் ஹக்கா மக்கள் நகரின் கிழக்கே தாங்ரா என்ற சதுப்புநிலப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலைச் செய்தார்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய இடம் அவர்களுக்குப் பிழைப்பானது. 1962-இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைப் போர் வந்தபோது, தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதில் இருந்தார்கள். சிலர் வெளியே வரச் சில ஆண்டுகள் ஆயின. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் மிஞ்சவில்லை. கனடா 1967-இல் நாட்டையும் இனத்தையும் பாராமல் தகுதிப்புள்ளிகளின்படி குடிவரவாளரைத் தெரிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பின் கொல்கத்தாவின் ஹக்காக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தன. வரும்போது அவர்கள் கொண்டுவந்த சமையல் சீனாவிலிருந்து எடுத்துச் சென்ற சமையல் அல்ல, இந்தியாவில் இருந்துகொண்டு உருவாக்கிய சமையல்.

அந்தச் சமையலின் போக்கை அறிய மஞ்சூரியனின் கதை ஒன்றே போதும். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் மும்பையின் கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டவர்களுக்காக அதை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. இஞ்சி, உள்ளி, பச்சை மிளகாய் என்று இந்தியக் குழம்புக்குத் தாளிப்பதுபோலத் தொடங்கி, கரம் மசாலா போடவேண்டிய இடத்தில் சோயா சோஸும் குழம்பைத் தடிப்பாக்கச் சோள மாவும் சேர்த்தார். சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவின் சமையலில் அந்த உணவு கிடையாது. ரீச்சர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் கொழும்புக் கடைகளில் பாண்தூளில் புரட்டிப் பொரித்து விற்கும் சைனீஸ் ரோல்ஸ் மட்டும் என்ன, அதைச் சீனாவில் யார் கண்டார்கள் என்று கேட்டார். அன்று முதல் அவர் ஹக்காக் கடைக்கு மறுப்புச் சொன்னதில்லை.

ஹக்கா என்ற சொல்லின் பொருளையும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் குடும்பங்கள் என்பது அதன் பொருள். வடசீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கு நோக்கி நகர்ந்து சென்றவர்களை, அங்கே முன்பே இருந்தவர்கள் வந்தேறிகள் என்ற கருத்தில் அப்படி அழைத்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. தெற்கே வந்து பல தலைமுறைகள் கடந்தும், கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தும், ரொறன்ரோவில் கடை திறந்த பின்னும் அவர்கள் விருந்தினர்களே. தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை, புதிதாக வந்தவர் என்பதே பழைய பொருள். உணவு என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. புதிதாக வந்தவர் சமைக்க, அவருக்குப் பின்னால் வந்த நாம் காசு கொடுத்து உண்கிறோம்.

ஹக்காவுக்கு அடுத்து எங்களுக்குப் பிடித்தது காலையில் போகும் டிம்சம் என்ற தேநீர்ச் சிற்றுண்டி. இது ஹொங்கொங்காரரின் பழக்கம், ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் அவர்கள் வேரூன்றிய கதையும் நம் கதைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. 1983-இன் இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் இங்கே பெருந்தொகையாக வரத் தொடங்கினர். 1984 டிசம்பரில் ஹொங்கொங்கைச் சீனாவிடம் கையளிக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா கையெழுத்திட்டது. 1997-க்கு முன் வெளியேறிவிட வேண்டும் என்று அங்கே பலர் கருதினர். அதே 1984-இல் அஜின்கோர்ட்டில் சில்லுச்சப்பாத்துச் சறுக்கல் மண்டபமாக இருந்த ஒரு கட்டடம் டிராகன் சென்டர் என்ற சீன வணிக வளாகமாக மாறியது. வாகன நெரிசல், தரிப்பிடத் தட்டுப்பாடு என்று அயலவர் தொடங்கிய முறைப்பாடுகள் விரைவிலேயே சீனர் இங்கே எதற்கு என்ற பேச்சாகத் திரும்பின. தரிப்பிடம் பற்றி இன்றைக்கு நாமும் முறையிடுகிறோம்; சனிக்கிழமை பதினொரு மணிக்கு டிம்சம் கடையின் முன்னால் இடம் தேடிச் சுற்றியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆனால் அந்தப் பழைய சண்டை உண்மையில் தரிப்பிடத்தைப் பற்றியதாக இருக்கவில்லை.

டிம்சம் என்பது தேநீருக்கான துணை. முதலில் எந்தத் தேயிலை என்று கேட்பார்கள். மல்லிகை, பூஏர், செவ்வந்தி என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு மூங்கில் கூடைகள் வரும். உள்ளே இறால் தெரியும்படி மெல்லிய மாவில் மடித்த ஹார்கோ, வாய் திறந்த சியூமாய், வழுவழுப்பான அரிசிமாச் சுருள், தாமரை இலையில் கட்டி அவித்த ஒட்டரிசி. முன்பு இவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி மேசை மேசையாகக் கொண்டுவருவார்கள். இப்போது பெரும்பாலான கடைகளில் ஒரு தாளும் பென்சிலும் தருகிறார்கள். தாளில் அடையாளமிடும் பொறுப்பு எங்கள் கணக்காளருடையது. ஐந்து பேருக்குக் கூடைக்கு நான்கு உருண்டை என்றால் ஒன்று குறையும், இரண்டு கூடை எடுத்தால் மூன்று மிஞ்சும் என்ற கணக்கை அவர் அலுவலகத்து வரவுசெலவைவிடக் கவனமாகப் பார்ப்பார். தள்ளுவண்டி போனதில் எனக்குக் கவலை உண்டு. கண்ணால் பார்த்துக் கையைக் காட்டி எடுத்த காலத்தில் பெயர் தெரியாத பண்டத்தையும் துணிந்து சாப்பிட்டோம். தாள் வந்த பின் தெரிந்த பெயர்களிலேயே அடையாளம் விழுகிறது.

தேநீர் ஊற்றுவதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தன் கிண்ணத்தை நிரப்புமுன் மற்றவர் கிண்ணங்களை நிரப்ப வேண்டும். ஊற்றியவருக்கு நன்றி சொல்ல, பேச்சை நிறுத்தாமல் இரண்டு விரல்களால் மேசையில் தட்டினால் போதும். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய, பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனாவின் சியன்லோங் பேரரசர் தம் பணியாளருக்குத் தாமே தேநீர் ஊற்றினார், விழுந்து வணங்கினால் அரசர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் பணியாளர் விரல்களை மடக்கி மேசையில் வணங்கினார் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் கதை. கேத்தலில் தேநீர் முடிந்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. மூடியைத் திறந்து சரித்து வைத்தால் வெந்நீர் வந்து சேரும். அதேபோல் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்கு ஏற்றும் ஊதுபத்தியை அது நினைவூட்டும். ரீச்சர் ஒருமுறை அறியாமல் அப்படி வைத்தபோது, பரிமாறிய அம்மா ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனார். படையற்சோற்றைக் கண்டு வளர்ந்த ரீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் கூட்டத்தின் பெரிய சிக்கல் மரக்கறி. தாதித் தோழி வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் மட்டும் மரக்கறி. ரீச்சர் எந்நாளும் மரக்கறி. ஒரு கடையில் முள்ளங்கிக் கேக் என்ற பெயரைப் பார்த்து ரீச்சருக்கென்று நான்தான் அடையாளமிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகு அவர் ஒரு சிறு சிவப்புத் துண்டைக் குச்சியால் தூக்கிக் காட்டி இது என்ன கிழங்கு என்று கேட்டார். அது கிழங்கன்று, சீனப் பன்றிச் சொசேஜ். காய்ந்த இறாலும் அதற்குள் இருந்தது. முள்ளங்கிக் கேக்கை அப்படித்தான் செய்வார்கள் என்பதைக் கேட்டு அறியாதது என் பிழை, கடையின் பிழையன்று. ரீச்சர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தெரியாமல் செய்த பாவத்துக்குப் பாதிக் கணக்கு உன்னுடையது என்றார். அதன் பின் நாங்கள் பௌத்தர் நடத்தும் மரக்கறிக் கடைகளுக்கும் போகத் தொடங்கினோம். அங்கே வெங்காயமும் உள்ளியும்கூடக் கிடையாது. நம் ஊரிலும் கந்தசஷ்டிக்குச் சிலர் அப்படித்தான் சமைப்பார்கள். தாய்லாந்துக் கடைகளில் மரக்கறி என்றாலும் மீன்சாறு ஊற்றுகிறீர்களா என்று தனியாகக் கேட்பது நல்லது.

வியட்நாமியரின் ஃபோ என்ற நூடில்ஸ் சூப் விற்கும் கடை குளிர்காலத்துக்கு உரியது. ஃபோ ஆளுக்கு ஒரு கிண்ணமாக வருவதால் அங்கே சுழல்தட்டுக்கு வேலையில்லை. பனி கொட்டும் நாளில் எவரும் அதிகம் பேசுவதும் இல்லை.

கடைசியில் பில் வரும். பதின்மூன்று வீத வரியும் டிப்ஸும் சேர்த்து ஐந்தால் வகுப்பது கணக்காளருக்கு ஒரு நொடி வேலை. ஆனால் முதல் ஒரு வருடம் எங்களால் அப்படி வகுக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போய்க் காசாளரிடம் அட்டையைக் கொடுத்துவிடுவார். விருந்து கொடுத்தவராக நிற்கும் ஆசை எவரையும் விடவில்லை. பக்கத்து மேசைச் சீனக் குடும்பத்தில் இரண்டு பெரியவர்கள் ஒரே பில்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு சத்தம்போட்டதைக் கண்ட பிறகுதான் எங்கள் முகங்களையே எதிரில் கண்டதுபோல இருந்தது. இப்போது பில்லை வகுக்கிறோம். மிஞ்சியதைப் பெட்டியில் கட்டி அன்று தனியே வீடு திரும்புபவரிடம் கொடுக்கிறோம்.

சென்ற மாதம் எல்லாம் முடிந்து, காசும் கொடுத்து, மேலங்கிகளை எடுக்க எழுந்தோம். வாசலில் அடுத்த கூட்டம் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ரீச்சர் மட்டும் எழவில்லை. கேத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தார், அதன் மூடியைத் திறந்து சரித்து வைத்தார், பிறகு எங்களைப் பார்த்து, இருங்கோ, வெந்நீர் வருகுது என்றார்.