ஒரே வடிவச் சுழலிகளுக்கு ஒரே எண்: தன்வேகம் கணக்கிடுவது எப்படி?

[திரையில்: களனி ஆறு, மலைநாட்டிலிருந்து மட்டக்குளி வரை]

வணக்கம். கொழும்புக்கு வரும் களனி ஆறு, வரும் வழியில் லக்ஷபான, பொல்பிட்டிய மின்நிலையங்களின் சுழலிகளை, அதாவது டர்பைன்களை, சுழற்றிவிட்டுத்தான் வருகிறது. லக்ஷபானவில் இருப்பது பெல்டன் என்ற வகைச் சுழலி. மகாவலி ஆற்றில் உள்ள விக்டோரியா மின்நிலையத்தில் பிரான்சிஸ் வகை. எந்த இடத்துக்கு எந்தச் சுழலி என்று பொறியியலாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? முதலில் ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். அதுதான் தன்வேகம், அதாவது ஸ்பெசிஃபிக் ஸ்பீட்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மறக்கவே மறக்காது.

ஒரே வடிவம், வெவ்வேறு அளவு. இப்படிப்பட்ட சுழலிகளை எடுத்துக்கொள்வோம். நீர் விழும் உயரத்தை ஹெட் என்போம். சுழலியில் சுற்றும் சக்கரமான ரன்னரின் விளிம்பு வேகம் ஹெட்டின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன். ஆகவே, விட்டம் = √ஹெட் ÷ சுழற்சி வேகம் என்ற விகிதத்தில் இருக்கும். உள்ளே போகும் நீரின் அளவு, விட்டத்தின் வர்க்கம் × √ஹெட். அதை ஹெட்டால் பெருக்கினால் வலு.

இப்போது விட்டம் இருக்கும் இடத்தில் முதல் விகிதத்தைப் போடுங்கள். விட்டம் காணாமல் போய்விடுகிறது! எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். அளவு போய்விட்டது, வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

[திரையில்: தன்வேகம் = வேகம் × √வலு ÷ ஹெட்டின் 5/4 அடுக்கு]

வேகம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதில், வலு கிலோவாற்றில், ஹெட் மீற்றரில். 1 மீற்றர் ஹெட்டில் 1 கிலோவாற் தரும் அதே வடிவச் சுழலி எந்த வேகத்தில் சுற்றுமோ, அதுதான் விடை.

5/4 அடுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கல்குலேற்றரில் ஹெட்டைப் போட்டு, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, வருவதைத் திரும்ப ஹெட்டால் பெருக்குங்கள். 81க்கு 3 வரும். 3 × 81 = 243.

சரி, கணக்குக்கு வருவோம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஹெட் 81 மீற்றர், வலு 10,000 கிலோவாற், வேகம் 300. √10,000 என்றால் 100. 300 × 100 ÷ 243 = 123.5.

இதே சுழலிக்கு ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, ஆய்வுகூடத்தில் 16 மீற்றர் ஹெட்டில் ஓட்டுகிறோம். வேகம் என்ன? √ஹெட் 9இலிருந்து 4 ஆகிறது, விட்டம் ஆறில் ஒன்று. எனவே 300 × 4/9 × 6 = 800. வலு 10,000 ÷ 36 × 64/729, அதாவது 24.39 கிலோவாற். அதன் வர்க்கமூலம் 4.938. 16க்கு 5/4 அடுக்கு 32. 800 × 4.938 ÷ 32 போட்டுப் பாருங்கள்: அதே 123.5!

பெரியது 10,000 கிலோவாற், சின்னது 25கூட இல்லை. எண் மாறவில்லை. இதனால்தான் சின்ன மாதிரியைச் சோதித்துப் பெரிய சுழலியைப் பற்றிப் பேச முடிகிறது. ஒன்று மட்டும்: வேகமும் வலுவும் வினைத்திறன் உச்சத்தில் இருக்கும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். அரைச் சுமையில் எடுத்த வலுவைப் போட்டால் விடை தப்பும்.

எல்லைகள் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். ஒற்றை ஜெற் பெல்டனுக்கு, அதாவது ஒரே நீர்த்தாரை சக்கரத்தில் பாயும் பெல்டனுக்கு, சுமார் 10 முதல் 30, பிரான்சிஸுக்கு 60 முதல் 300, அதற்கு மேல் கப்லான் என்ற இன்னொரு வகை. நம் 123.5 பிரான்சிஸ். அதே வலு, அதே வேகம், ஆனால் ஹெட் 625 மீற்றர் என்றால்? 30,000 ÷ 3125 = 9.6. பெல்டன் பக்கம் போய்விட்டது. மலையில் பெல்டன் ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

பல ஜெற் உள்ள பெல்டனில், ஒரு ஜெற்றுக்கு உரிய வலுவை மட்டும் போடுங்கள். அப்புறம், பழைய புத்தகங்களில் வலு மெற்றிக் குதிரைவலுவில் இருக்கும். அந்தக் கணக்கில் நம் 123.5 என்பது 144 ஆகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் அலகைப் பாருங்கள்.

உங்களுக்கு ஒன்று: ஹெட் 256 மீற்றர், வலு 40,000 கிலோவாற், வேகம் 500. தன்வேகம் எவ்வளவு, எந்தச் சுழலி? கருத்துப் பகுதியில் எழுதுங்கள், படிமுறையோடு.