‘எந்த’ என்ற கேள்வியும் ஆங்கிலக் கமாவும்

வணக்கம். சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்த ஒரு மாணவி, வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதிய வரியோடு தொடங்குகிறேன்.

திரையில்: மை ஃபாதர் ஹூ இஸ் எ வீவர் சப்போர்ட்டட் மை ஸ்டடீஸ்.

தறி ஓட்டிப் படிக்க வைத்த தந்தையை நன்றியோடு குறிப்பிடும் நல்ல வரிதான் இது. ஆனால் கமா இல்லாததால், ஆங்கிலம் அறிந்தவர் இதை ‘என் தந்தையருள் நெசவாளியாக இருப்பவர்’ என்று படிக்க நேரிடும். ஃபாதர் என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமாவும் வீவர் என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமாவும் இட்டால் அந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

இந்தப் பிழை கவனக்குறைவால் வருவதில்லை. நம் மொழியின் அமைப்பிலிருந்து வருகிறது. ‘நெசவு செய்யும் என் தந்தை’ என்று தமிழில் சொல்லும்போது பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது; நடுவே காற்புள்ளிக்கு இடமே இல்லை. ‘ஏற்காட்டில் இருக்கும் என் அண்ணன்’ என்றால் அண்ணன் ஒருவரா மூவரா என்பதைச் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலமோ ரிலேட்டிவ் கிளாஸை, அதாவது ‘ஹூ இஸ் எ வீவர்’ என்பதுபோலப் பெயரை விளக்கும் தொடரை, அந்தப் பெயருக்குப் பின்னால் வைத்து, அந்த எண்ணிக்கையைச் சொல்லும் பொறுப்பைக் கமாவிடம் ஒப்படைக்கிறது. எனவே, மூச்சு வாங்கும் இடத்தில் கமா போடு என்று பள்ளியில் கேட்ட அறிவுரை இங்கே சிறிதும் உதவாது.

உதவுவது ஒரு தமிழ்ச் சொல்: ‘எந்த’. கிளாஸை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். ‘எந்த அண்ணன்?’ என்று கேட்கத் தோன்றினால், அந்தக் கிளாஸ் ஆளை அடையாளம் காட்டுகிறது என்று பொருள், கமா வேண்டாம். கேட்கத் தோன்றாவிட்டால், அது கூடுதல் செய்தி, கமா கட்டாயம்.

கூலி கணக்கிடும் இடத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழம் பறிக்கும் பருவத்தில் ஒட்டப்படும் அறிவிப்பாக இதைக் கற்பனை செய்துகொள்வோம்.

திரையில்: தி ஒர்க்கர்ஸ் ஹூ கேம் ஆன் சண்டே வில் பி பெய்ட் எக்ஸ்ட்ரா.

திரையில்: தி ஒர்க்கர்ஸ், ஹூ கேம் ஆன் சண்டே, வில் பி பெய்ட் எக்ஸ்ட்ரா.

முதல் அறிவிப்பின்படி, ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு மட்டுமே கூடுதல் கூலி. இரண்டாவதோ, தொழிலாளர்கள் அனைவரும் ஞாயிறன்று வந்தார்கள் என்றும் அனைவருக்கும் கூடுதல் கூலி உண்டு என்றும் சொல்லிவிடுகிறது. சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கூலி பெறுவோர் பட்டியல் மாறிவிட்டது.

இடப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றுக்குப் பின் பெரும்பாலும் கமா வரும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் பற்றி எழுதும்போது ‘எந்த மேட்டூர் அணை?’ என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

திரையில்: மேட்டூர் டேம், விச் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934, ஸ்டேண்ட்ஸ் ஆன் தி காவேரி.

ஆயினும் இதை மாறாத விதியாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் உண்டு. ஆரிகன் மாநிலத்தின் தலைநகரும் சேலம்தான். வெளிநாட்டு நண்பருக்கு எழுதும்போது ‘எந்த சேலம்?’ என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

திரையில்: தி சேலம் தட் ஐ கம் ஃப்ரம் இஸ் இன் டமில் நாடு.

இங்கே கமா இல்லை. இந்த வாக்கியத்தில் வரும் ‘தட்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அடையாளம் காட்டும் கிளாஸில்தான் அது வரும். கமா இட்ட கூடுதல் செய்தியில் பொருளுக்கு ‘விச்’, ஆளுக்கு ‘ஹூ’ என்றே எழுத வேண்டும்.

இன்னொரு பிழையை நான் வாரந்தோறும் திருத்துகிறேன். கிளாஸின் தொடக்கத்தில் கமா இட்டவர்கள், அது முடியும் இடத்தில் மறந்துவிடுகிறார்கள். வாக்கியத்தின் நடுவே வரும் கிளாஸுக்கு இரண்டு கமாக்களும் அடைப்புக்குறியின் இரு பக்கங்களைப் போன்றவை. ஒன்றைத் திறந்தால் மற்றொன்றால் மூட வேண்டும். கிளாஸ் வாக்கியத்தின் இறுதியில் வந்தால் மட்டும், இரண்டாவது கமாவின் வேலையை முற்றுப்புள்ளி செய்துவிடும்.

அந்த மாணவியின் வரி, திருத்தத்திற்குப் பின் இப்படி நிற்கிறது.

திரையில்: மை ஃபாதர், ஹூ இஸ் எ வீவர், சப்போர்ட்டட் மை ஸ்டடீஸ்.