கொடுத்த ரத்தம் எத்தனை நாளில் ஊறும்?

கம்பத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறேன். போன வாரம் மகன் முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அது ஊற எத்தனை நாள் ஆகும்? பீட்ரூட் சாறு பிழிந்து கொடுக்கிறேன், போதுமா? எனக்கே மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது."

'ஊறும்' என்றீர்களே அக்கா, அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். ரத்தம் கிணற்றுத் தண்ணீரைப் போல ஒரே பொருள் இல்லை. உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் அது பிரிந்து நிற்கும். மேலே பாதிக்குச் சற்று அதிகமாக, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். அடியில் கருஞ்சிவப்பாக அணுக்கள். நடுவில் பாலாடை மாதிரி ஒரு மெல்லிய கோடு. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும், காயத்தை அடைக்கும் தட்டணுக்களும் அவ்வளவுதான். நான் தினமும் பார்க்கிற குழாய்தான், ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தால் ஒரு நொடி நின்றுவிடுவேன்.

மகனிடமிருந்து 350 மில்லி எடுத்திருப்பார்கள், அல்லது 450. உடம்பில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர். அதில் அந்த மஞ்சள் நீர் ஓரிரு நாளிலேயே நிரம்பிவிடும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே! மோரும் கஞ்சியும் போதும்.

சிவப்பு அணுக்களுக்குத்தான் பொறுமை வேண்டும். ஆக்சிஜன் குறைவதை முதலில் கண்டுபிடிப்பது சிறுநீரகம். அது ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குத் தகவல் சொல்லும். மார்பெலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்புக்குள் வேலை சூடுபிடிக்கும். சாதாரண நாளிலேயே நொடிக்கு 20 லட்சம் அளவில் அணுக்கள் அங்கே பிறக்கின்றன. இருந்தாலும் பழைய அளவுக்கு வர 4 முதல் 8 வாரம் ஆகும்.

இரும்புச்சத்து அதைவிட மெதுவாகத்தான் திரும்பும். ஒரு சிவப்பு அணு 120 நாள் வாழ்ந்து உடம்புக்குள்ளேயே அழிந்தால், மண்ணீரலும் கல்லீரலும் அதிலுள்ள இரும்பை எடுத்து மறுபடி மஜ்ஜைக்கே கொடுத்துவிடும். கொடையாகக் கொடுத்தால் அந்த இரும்பு பையோடு போய்விடுகிறது. 350 மில்லியில் 150 மில்லிகிராமுக்கு மேல். குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ 1, 2 மில்லிகிராம்தான். ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் இடைவெளி விட வேண்டும் என்பது இதனால்தான்.

பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறமி. 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. ஈரல் வாங்குங்கள், ரத்தப் பொரியலும் நல்லதுதான். கறி சாப்பிடாத நாளில் முருங்கைக்கீரை, கொள்ளு. மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உள்ளே இறங்கும். தோட்டத்தில் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிறீர்களே கட்டஞ்சாயா, அந்தப் பால் சேர்க்காத டீ இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மகனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சோதித்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். மூச்சு வாங்குவது உங்களுக்கு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கிறீர்களா? கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அது இருந்தால் எத்தனை ஈரல் தின்றாலும் பற்றாது. அதற்கு மாத்திரை இருக்கிறது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்க வேறு காரணமும் இருக்கலாம், அதையும் அவரே பார்ப்பார். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஜீப் வராத ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கு லேப் பூட்டியிருக்கும்.